சுருக்கென்றது தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

தியாகராய நகரில் வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்கிறவர்கள் எத்தனை பேரோ தெரியாது. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் ஜவுளிக்கடை சண்முகவேல் ஒருவர்தான். பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றுவார். மற்றபடி கூடம், அடுக்களை, படுக்கையறை எங்கே போனாலும் அவருக்கு முன்னால் அந்த நீல வார் ஹவாய் செருப்பின் சத்தம் போய்ச் சேர்ந்துவிடும். பகட்டு ஒன்றும் இல்லை, சர்க்கரை வியாதி. ஒரு தடவை கால் விரலில் வந்த புண் ஆறுவதற்குள் குடும்பமே படாத பாடு பட்டது. இனிமேல் வெறுங்காலோடு ஓர் அடிகூட நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் யார் பேச்சையும் காதில் வாங்காத மனிதர், டாக்டர் பேச்சை மட்டும் தட்டுவதில்லை.

அந்தச் செருப்புக்கும், மருமகள் சீதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடபழனியில் இருக்கிற பிறந்த வீட்டுக்குப் போனதற்கும் சம்பந்தம் உண்டு என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் மனைவி முத்துலட்சுமி சிரிக்கமாட்டாள். அவளுக்கு அது தெரிந்து சில நாட்கள் ஆகின்றன. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

சீதா போன கதையை வாராவாரம் படித்துவருகிறவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

சண்முகவேல் அடையாறில் ஒரு பெரிய வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மாதத்தில் அதேபோல ஒன்று இவர் கூடத்திலும் வந்து உட்கார்ந்தது. இரும்புச் சட்டம் அடித்த கண்ணாடித் தொட்டி. மேலே பல்ப் பொருத்திய தகர மூடி. காற்று விட ஒரு குட்டி மோட்டார். உள்ளே தங்கமீன்களும், விசிறி மாதிரி இரண்டு ஏஞ்சல் மீன்களும். ஊரிலிருந்து யார் வந்தாலும் காபி வருவதற்கு முன்னால் தொட்டியைக் காட்டிவிடுவார்.

அவருடைய பெரியப்பா மகன் அய்யாதுரை குடும்பத்தோடு வந்த ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைக்கச் சொல்லி மருமகளிடம் சொன்னார். சீதா தண்ணீரில் கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "மாமா, தண்ணி ஷாக் அடிக்குது" என்றாள்.

சண்முகவேல் சட்டைக் கையை மடித்து, முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டுக் காட்டினார். "எங்க அடிக்கு? கரண்டு இருந்தா மீன் உசுரோட இருக்குமா?" என்று கேட்டார். அய்யாதுரை வீட்டார் சிரித்தார்கள். "எனக்கு அடிச்சது மாமா" என்று சீதா மறுபடியும் சொன்னாள். வேலை செய்ய உடம்பு வணங்காதவள் சாக்குச் சொல்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சீதாவின் அப்பா இசக்கிமுத்து சினிமா ஸ்டூடியோக்களுக்குத் திரைச்சீலை சப்ளை செய்கிறவர். "ஸ்டூடியோக்காரர் மவள்லா, நல்லா நடிக்கா" என்று சொல்லிவிட்டார் சண்முகவேல். அத்தனை பேர் முன்னால்.

அன்று சாயங்காலமே சீதா போய்விட்டாள். அது அப்படி.

யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. அதே தண்ணீர் முத்துலட்சுமியையும் கடித்திருக்கிறது, சீதாவுக்கு வெகுநாள் முன்பே. கையில் சுருக்கென்று ஏறி முழங்கை வரை வந்து நின்றது. நரம்புத் தளர்ச்சி என்று நினைத்தாள். அதற்கென்று டாக்டரிடம் ஊசிகூடப் போட்டுக்கொண்டாள். சீதா கையை இழுத்துக்கொண்ட அந்த நொடியில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. நரம்பு இல்லை, தண்ணீர்தான்.

சொல்லியிருக்கலாம். எனக்கும் அடித்தது என்று இரண்டே வார்த்தை. சபையில் புருஷனை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று இருந்தது, அதை நினைத்தால் அவளுக்கே கூசும். இத்தனை வருஷம் நான் மென்று முழுங்கவில்லையா, இவளும் ஒரு வாய் முழுங்கட்டுமே என்று உள்ளே எங்கேயோ ஒரு குரல் சொன்னது. நல்ல மனுஷி என்று தெருவே சொல்லுகிற முத்துலட்சுமிதான் அப்படி நினைத்தாள்.

பிறகு ஒருநாள் மரப்பலகை மேல் ஏறி நின்று தொட்டியைத் துடைத்தாள். ஒன்றும் செய்யவில்லை. ஈரத் தரையில் இறங்கி நின்று தொட்டாள், சுருக்கென்றது. கூடத்து மூலையில் புருஷனின் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதை யாரிடம் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் விளங்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் ஒத்திப்போட்டாள்.

அந்த 'நாளை' இன்று வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. வேலைக்காரி புஷ்பம் கூடத்தைத் துடைத்து முடித்து, வாளியோடு பின்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள். மகன் ஜவஹர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தான். சீதா போனதிலிருந்து அவன் கடைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். பேச்சு மட்டும் இல்லை.

சண்முகவேல் தீனி டப்பாவோடு தொட்டிக்கு வந்தார். தகர மூடியைத் தூக்கினவர், "ஐயையோ, இது மாட்டிக்கிட்டுல்லா கெடக்கு" என்றார். ஏஞ்சல் மீன் ஒன்று காற்றுக் குழாய்க்கும் கல்லுக்கும் நடுவே சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. பதறி, மூடியைச் சட்டத்தின் மேல் சாய்த்துவிட்டு முன்னால் ஓர் எட்டு வைத்தார். ஈரத் தரையில் செருப்பு வழுக்கி, நீல வார் அறுந்தது. எரிச்சலோடு இரண்டையும் உதறித் தள்ளினார். வெறுங்காலை ஈரத்தில் ஊன்றி, சட்டைக் கையை மடித்தார்.

முத்துலட்சுமி அடுக்களை வாசலில் இருந்தாள். உதறின செருப்பு அவள் காலடியில்தான் வந்து விழுந்தது.

"கைய விடாதிய" என்றாள். அந்தக் குரலை அந்த வீடு கேட்டதே இல்லை. "தண்ணியில கரண்டு இருக்கு. கைய விடாதிய."

சண்முகவேலின் கை தண்ணீருக்கு மேலே அப்படியே நின்றது.

ஜவஹர்தான் முதலில் எழுந்தான். ஓடிப்போய் மீட்டர் பெட்டிப் பக்கத்தில் இருந்த டெஸ்டரை எடுத்துவந்து, மூடியின் விளிம்பில் வைத்தான். டெஸ்டருக்குள் சின்னதாகச் சிவப்பு எரிந்தது. இரும்புச் சட்டத்தில் வைத்தான், அங்கேயும் எரிந்தது. போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு சிக்கியிருந்த மீனை விடுவித்துவிட்டு, மூடியைத் திருப்பிப் பார்த்தான்.

"ஒயர் மூடிக்கு அடியில நசுங்கியிருக்குப்பா. தெனமும் தூக்கித் தூக்கிப் போட்டதுல மேல உள்ள பிளாஸ்டிக் அறுந்துபோச்சு."

தினமும் தூக்கிப் போட்டவர் யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப மீன் ஏன் சாவல?" என்றார் சண்முகவேல். குரல் இறங்கியிருந்தது.

"அது தண்ணிக்குள்ளயே கெடக்கு. தரையில காலூனி நிக்கலையே. நீங்களும் ரப்பர் செருப்புல நின்னிய, அதான் அடிக்கல. வெறுங்காலோட ஈரத்துல நிக்கவங்களுக்குத்தான் அடிக்கும்." ஜவஹர் டெஸ்டரைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான். "பி.யு.சி.யில படிச்சதுதான். அன்னைக்கு நானும் இங்கதான் நின்னேன். எனக்கு அது ஞாபகம் வரல. அவ சொன்னத நான் யோசிச்சுக்கூடப் பாக்கல."

வாளியோடு நின்றிருந்த புஷ்பம் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "எனக்குந்தான்யா அடிச்சிது. அதான் மீனுன்னா பயம்னு சொல்லி அந்தாண்டயே போவாம இருந்தேன்."

மீனவர்கள் வாழும் நொச்சிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள் மீனுக்குப் பயப்படுவதாகச் சொன்னதை வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டான் ஜவஹர்.

"சின்னம்மா சொல்லி இன்னா ஆச்சுன்னு பாத்துக்கினுதான கீறேன். நான் சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஜவஹர் அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"எம்மா, ஒனக்கு எப்படித் தெரியும்?"

முத்துலட்சுமி சொன்னாள். நரம்பு என்று நினைத்ததைச் சொன்னாள், பலகையில் ஏறி நின்றதைச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்ததும் பேச்சு நின்றுபோயிற்று.

"அன்னைக்கே தெரியுமாம்மா?"

"தெரியும்."

"அவ அழுதுக்கிட்டே நின்னாளேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப மட்டும் வாய் வந்துச்சே."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் தாழ்ந்த குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போலக் கேட்டான். அவன் கேட்டது சரிதான். புருஷன் கை என்றதும் அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம், மருமகள் கைக்கு வரவில்லை. இரண்டும் ஒரே தண்ணீர்தான்.

சண்முகவேல் நாற்காலியில் உட்கார்ந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போயி அவளக் கூட்டிட்டு வா" என்றார் மனைவியிடம்.

"நீங்களும் வாங்களேன்."

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

ஜவஹர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். முத்துலட்சுமி தலையை அசைத்தாள். "நீ நாளைக்குப் போ. இன்னைக்கு நான் மட்டும் போறேன். இது நான் செஞ்சது."

மத்தியானச் சாப்பாட்டை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பாத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் பஸ் ஏறினாள். வடபழனி டிப்போ வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினாள். இறங்கும்போது அடுக்கினது எல்லாம் கலைந்துபோயிருந்தது.

இசக்கிமுத்துவின் வீடு டிப்போவுக்குப் பின்னால், கோயிலுக்குப் போகிற வழியில். முன்னறை பாதிக்குத் துணி மூட்டைகள். சீதா ஒரு பெரிய திரைச்சீலையைத் தரையில் விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அதில் ஓர் அரண்மனை வரைந்திருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், அப்பா ஸ்டூடியோவிலிருந்து சாயங்காலம் வருவார் என்றாள்.

"வாங்க அத்தை. தனியாவா வந்தீங்க? உக்காருங்க."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுவே முத்துலட்சுமிக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

காலையில் நடந்ததையெல்லாம் சொன்னாள். செருப்பு வார் அறுந்தது, டெஸ்டர் எரிந்தது எல்லாம். சீதா குனிந்தபடியே துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்படவில்லை. ஷாக் அடித்தது அவளுக்குப் புதுச் செய்தியா என்ன?

"எனக்கும் அடிச்சிருக்கு தாயி" என்றாள் முத்துலட்சுமி கடைசியில். "ஒனக்கு முந்தியே. அன்னைக்கு நான் சொல்லல."

"தெரியும் அத்தை."

முத்துலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்றப்ப நீங்க தொட்டி துடைச்சீங்க. கையை வெடுக்குனு எடுத்து முந்தானையில துடைச்சுக்கிட்டு, யாராவது பாத்தாங்களான்னு சுத்தியும் பாத்தீங்க. நான் அடுக்களையில நின்னேன். அப்ப எனக்குப் புரியல. எனக்கு அடிச்சப்பதான் புரிஞ்சது."

சீதா துணியின் ஒரு முனையை இன்னொரு முனையோடு சேர்த்து வைத்தாள். அரண்மனை பாதியாக மடங்கியது.

"மாமா அப்படிச் சொன்னதும் நான் உங்க முகத்தைத்தான் பாத்தேன். நீங்க தட்டுல முறுக்கு எடுத்து வச்சுக்கிட்டு இருந்தீங்க."

முத்துலட்சுமிக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. முறுக்கு உடையாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கியதும் ஞாபகம் வந்தது.

"மாமா சொன்னதுக்காக நான் வீட்டை விட்டு வரல அத்தை. அவருக்குத் தெரியாது, சொல்லிட்டாரு. நீங்க சொல்லாம இருந்ததுக்குத்தான் வந்தேன்."

அவள் அழவில்லை. முத்துலட்சுமிதான் அழுதாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சம்பந்தி வீட்டில் இப்படி உட்கார்ந்து அழுகிறோமே என்ற வெட்கமும் இல்லாமல் அழுதாள். போன நாட்களை நினைத்தாள். எந்த நாளிலாவது ஒரு பஸ் ஏறி வந்திருந்தால் போதும், சொல்லியிருக்கலாம்.

சீதா அவளைத் தேற்றவில்லை. உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். "பிளக்கைப் பிடுங்கிட்டீங்கள்ல? புஷ்பம் தெரியாம கையை வச்சிடப் போகுது" என்றாள்.

"பிடுங்கியாச்சு."

"எங்கப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் அத்தை. அவரும் ரெண்டு மூணு தடவை கேட்டுட்டாரு, நெசமாவே ஷாக் அடிச்சுதாம்மான்னு. பெத்தவரு கேக்குறாரு."

பெற்ற தகப்பனே நம்பவில்லை என்பதற்கு மேலே கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது முத்துலட்சுமிக்கு. "இருந்து சொல்லிட்டே போறேன்" என்றாள். வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்கத்தான் வந்தாள். அது மட்டும் வாயில் வரவில்லை. காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. இசக்கிமுத்துதான் என்று முத்துலட்சுமி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

சண்முகவேல் நின்றுகொண்டிருந்தார். கல்யாணப் பேச்சுக்குக்கூட இந்த வீட்டுக்குள் வராமல் அய்யாதுரையை அனுப்பிவைத்த மனிதர். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"சம்பந்தி வந்தாச்சா?" என்றார் பொதுவாக.

"இன்னும் வரல" என்ற சீதாவின் பார்வை கீழே இறங்கியது. "மாமா, செருப்பு எங்க?"

அவரும் அப்போதுதான் குனிந்து பார்த்தார். வாசலுக்கு வந்து வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, தெருச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான் அவர் வழக்கம். இன்று கழற்ற ஒன்றும் இல்லை. அதனால் மாட்டவும் மறந்துபோயிருக்கிறார். வெந்து கிடந்த தார் ரோட்டில் அப்படியே வந்திருக்கிறார்.

"வார் அறுந்துட்டு" என்றார் அசட்டுத்தனமாக.

"உள்ள வாங்க மாமா."

"இல்ல, நான் இங்கனயே நிக்கேன். அவரு வரட்டும். அவருகிட்டயும் ஒங்கிட்டயும் ஒண்ணாச் சொல்லணும்." தெருமுனையில் இசக்கிமுத்துவின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. சண்முகவேல் விறைத்துப்போய் நிமிர்ந்து நின்றார்.

முத்துலட்சுமி வாசற்படியைப் பார்த்தாள். அவருடைய இடது குதிகால் இருந்த இடத்தில் சிவப்பாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது. ஆணியோ கண்ணாடித் துண்டோ. உணர்ச்சி மரத்துப்போன கால், அவருக்குத் தெரிந்திருக்காது.

அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். குனிந்து தானும் பார்த்தார். சட்டென்று அந்தக் காலை வலது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கண்ணாலேயே மனைவியிடம் ஜாடை காட்டினார். சொல்லாதே. நான் வந்த காரியம் முடியட்டும், சொல்லாதே.

இந்த ஜாடை அவளுக்குப் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்த்துப் பழகியதுதான். சைக்கிள் மணி பக்கத்தில் வந்துவிட்டது.

"சீதா" என்றாள் முத்துலட்சுமி. "மாமா காலைப் பாரு. ரத்தம் வருது."